பெயர் பொறிக்காத குயவர் எப்படிப் பெயர் பெற்றார்?

கேள்வியின் சாரம் இது: ஜப்பானியக் குயவர் கவாய் கன்ஜிரோ தன் பாண்டங்களில் கையெழுத்திடவில்லை, அரசு விருதுகளை ஏற்கவில்லை என்று படிக்கிறோம். அது உண்மையான பணிவா, பாவனையா? பெயர் வேண்டாம் என்றவரின் பெயர் எப்படி உலகம் முழுவதும் பரவியது?

பாவனை இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வெறும் பணிவு என்று சொல்லி முடித்துவிட்டால் அவருடைய வாழ்க்கையில் மிகச் சுவையான பகுதி கைநழுவிப் போகும். பெயரை விடுவதற்கு முன்பே கவாய் ஜப்பானின் மட்பாண்ட உலகில் பெரிய பெயர் வாங்கியிருந்தார். விட்ட பிறகும் அந்தப் பெயரை அவருக்காக வேறொருவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சுமந்தார். இந்த இரண்டும் இல்லாமல் அவருடைய மறுப்பு சாத்தியமாகியிருக்காது.

கவாய் 1890இல் ஷிமானே மாநிலத்தின் யாசுகி என்ற சிறிய துறைமுக ஊரில், தச்சர் குடும்பத்தில் பிறந்தார். குயவர் பரம்பரை அல்ல. இது முக்கியம். அவர் பிற்பாடு குடியேறிய கியோத்தோவில் மட்பாண்டத் தொழில் குடும்பப் பெயரோடு வருவது. ஐந்தாம் ரொகுபே, ஆறாம் ரொகுபே என்று தந்தையின் பெயரை மகன் வாங்கிக்கொண்டு பட்டறையை நடத்துவான். கவாய் அந்த வாசல் வழியாக வரவில்லை. 1910இல் டோக்கியோ உயர் தொழில்நுட்பப் பள்ளியின் மட்பாண்டத் துறையில் சேர்ந்தார். பொறியியல் கல்லூரி போன்ற இடம் அது. அங்கே பாடம் நடத்தியவர்களில் பீங்கான் கலைஞர் இதாயா ஹஸானும் ஒருவர். மாணவராக இருந்த காலத்திலேயே டோக்கியோவில் வாழ்ந்த ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச்சின் கண்காட்சியைப் பார்த்து, அவருடைய பாண்டம் ஒன்றை விலைக்கு வாங்கினார் கவாய்.

படிப்பு முடிந்ததும் 1914இல் கியோத்தோ நகராட்சியின் மட்பாண்டச் சோதனைக்கூடத்தில் வேலை. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பள்ளியில் அவருக்குப் பின் படித்த ஹமாதா ஷோஜியும் அங்கே வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து செய்த மெருகுப்பூச்சுச் சோதனைகள் பத்தாயிரத்துக்கும் மேல் என்பார்கள்.

சோதனை என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கவாயின் பிற்கால வண்ணங்கள் அனைத்தும் இங்கிருந்துதான் வருகின்றன. மெருகுப்பூச்சு என்பது அடிப்படையில் கண்ணாடி. சிலிக்கா, ஃபெல்ட்ஸ்பார், சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றைக் குறிப்பிட்ட விகிதத்தில் அரைத்து, நீரில் கரைத்து, பாண்டத்தின் மேல் பூசிச் சுட்டால் அது உருகிப் படலமாகும். நிறம் தருவது சிறிதளவு உலோகம்: இரும்பு, கோபால்ட், செம்பு. இவற்றில் ஒன்றின் அளவை அரை சதவீதம் மாற்றினாலும் விளைவு மாறும். அதே கலவை சூளையின் வேறொரு மூலையில் வேறு மாதிரி வரும். ஆகவே சின்னச் சின்னச் சில்லுகளில் கலவையைப் பூசி, எண்ணிட்டு, சுட்டு, குறித்துவைத்து, மறுபடி மாற்றிச் சுட வேண்டும். கலை என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. கணக்கப்பிள்ளை வேலை.

இதில் செம்புதான் மிகவும் அடங்காதது. ஜப்பானியர் ஷின்ஷா என்று சொல்லும் செம்புச் சிவப்பை எடுக்கக் கலவையில் மிகக் குறைவான செம்பு போதும். ஆனால் சூளைக்குள் ஆக்சிஜன் பற்றாக்குறை இருக்க வேண்டும். நெருப்பு பாண்டத்திலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள வேண்டும். தவறான நேரத்தில் காற்று புகுந்தால் சிவப்பு பச்சையாகும். வெப்பம் மிஞ்சினால் செம்பு ஆவியாகி நிறமே இல்லாமல் போகும். கவாய் இந்தச் சிவப்பில் வாழ்நாள் முழுவதும் வல்லவராக இருந்தார். அவருடைய ஜாடிகளில் திட்டாகப் பூத்திருக்கும் அந்தச் சிவப்பைப் பார்த்து "இயற்கையின் தற்செயல்" என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வளவு தற்செயலை வரவழைக்கச் சோதனைக்கூட ஆண்டுகள் தேவைப்பட்டன.

1917இல் அரசு வேலையை விட்டார். கியோமிஸு ரொகுபே குடும்பத்தின் ஐந்தாம் தலைமுறைத் தலைவருக்கு மெருகுப்பூச்சு ஆலோசகராகச் சில காலம் இருந்தார். 1920இல் கியோத்தோவின் கோஜோஸகா பகுதியில் அதே ரொகுபேயிடமிருந்து ஒரு சூளையை வாங்கி, அதற்கு ஷோகெய் என்று பெயரிட்டார். சரிவில் படிப்படியாக ஏறும் எட்டு அறைகள் கொண்ட விறகுச் சூளை அது. கீழ் அறையில் மூட்டும் தீ அறை அறையாக மேலேறும். அக்கம்பக்கக் குயவர்களும் அதில் இடம் எடுத்துத் தங்கள் சரக்கைச் சுட்டார்கள்.

அடுத்த ஆண்டு, 1921இல், தகாஷிமயா பல்பொருள் அங்காடியில் முதல் தனிக் கண்காட்சி. சீனாவின் சோங் காலத்துப் பாண்டங்களையும் கொரியப் பழம் பாண்டங்களையும் ஆதாரமாகக் கொண்ட, குறையே சொல்ல முடியாத மெருகுப்பூச்சுகள். அறிஞர்கள் வியந்தார்கள், மட்பாண்ட வானில் திடீரெனத் தோன்றிய வால்நட்சத்திரம் என்று புகழ்ந்தார்கள். வயது முப்பதுதான். குடும்பப் பெயரோ பட்டறைப் பரம்பரையோ இல்லாத ஒருவர் தொழில்நுட்பத்தால் மட்டுமே பழைய வீடுகளைத் தாண்டிவிட்டார். அந்தக் காலத்துப் பாண்டங்களின் அடியில் அவர் முத்திரை உண்டு என்பதையும் கவனியுங்கள்.

இந்த வெற்றியை அவரால் நிம்மதியாக அனுபவிக்க முடியவில்லை. அதே 1921இல் டோக்கியோவில், சிந்தனையாளர் யனாகி முனேயோஷி தான் சேகரித்த கொரிய ஜோசன் காலப் பாண்டங்களைக் காட்சிக்கு வைத்தார். பெயர் தெரியாத கிராமத்துக் குயவர்கள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்தவை. கொஞ்சம் கோணலாக, விரல் தடம் தெரியும்படி, எந்தப் பெருமிதமும் இல்லாமல் இருந்தன. கவாய் அவற்றைப் பார்த்து அசைந்துபோனார். தன் வேலை ஆடையும் அலங்காரமும்தான், உள்ளே உடம்பு இல்லை என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு யனாகியும் கவாயின் பாண்டங்களைப் பழையவற்றின் நகல் என்ற வகையில் குறை கூறினார். கோபம் வந்தது. இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நிலை சில காலம் நீடித்தது.

அதை உடைத்தவர் ஹமாதா. அவர் 1920இல் லீச்சுடன் இங்கிலாந்து போய், செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரில் சூளை கட்ட உதவிவிட்டு, 1924இல் திரும்பினார். வந்ததும் கியோத்தோவில் கவாய் வீட்டில்தான் தங்கினார். பெட்டியில் ஆங்கிலக் கிராமத்துப் பழம் பாண்டங்கள் இருந்தன: களிமண் கூழால் கோடு இழுத்து, மஞ்சளும் பழுப்புமாகச் சுட்ட அடுப்பங்கரைத் தட்டுகள். கவாய்க்கு அவை கொரியப் பாண்டங்களின் தூரத்து உறவினர்களாகத் தெரிந்தன. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு யனாகியும் கியோத்தோவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். ஹமாதா கவாயை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே மொகுஜிகி என்ற நாடோடித் துறவி செதுக்கிய ஒரு மரச் சிலை இருந்தது. கோடரி வெட்டுகள் அப்படியே தெரியும், புன்னகைக்கும் சிலை. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கு அந்த வெட்டுகளின் அருமையை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பகை அந்த அறையிலேயே முடிந்தது.

1925 இறுதியில் மூவரும் கீ தீபகற்பத்தில் பயணம் செய்தபோதுதான் மிங்கெய், அதாவது மக்கள் கைவினை என்ற பெயர் பிறந்தது. மறுஆண்டு யனாகி, கவாய், ஹமாதா, இன்னொரு குயவரான தொமிமோத்தோ கென்கிச்சி ஆகிய நால்வர் பெயரில் நாட்டார் கைவினை அருங்காட்சியகத்துக்கான அறிக்கை வெளியானது. அருங்காட்சியகம் 1936இல் டோக்கியோவின் கொமாபாவில் திறக்கப்பட்டது. இந்த வரலாறு பல இடங்களில் கிடைக்கும், நான் நீட்டப் போவதில்லை. நம் நாட்டுக்கும் இந்த வட்டத்துக்கும் ஒரு மெல்லிய நூல் உண்டு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தில்லியில் புளூ பாட்டரி பட்டறையைப் பின்னாளில் நடத்திய சர்தார் குர்சரண் சிங் 1919 வாக்கில் மட்பாண்டத் தொழில் படிக்க ஜப்பான் போனவர். அங்கே லீச், ஹமாதா, யனாகி முதலியோருடன் பழகியவர்.

கவாய் என்ன செய்தார்? கண்காட்சிகளை நிறுத்தினார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தனிக் கண்காட்சி இல்லை. விற்பனை உச்சத்தில் இருக்கும் கலைஞர், சூளையும் குடும்பமும் வைத்திருப்பவர், இப்படி நிறுத்துவது லேசான காரியமில்லை. 1929இல் மறுபடி வந்தபோது ஆளே மாறியிருந்தார். சோங் கால நளினம் போய்விட்டது. தடித்த விளிம்புகள், அச்சில் அழுத்தி எடுத்த கோண வடிவங்கள், இரும்புக் கறுப்பு, சாப்பாட்டு மேசைக்கு உரிய கிண்ணங்களும் தேநீர்க் கலங்களும் வந்தன. அடியில் முத்திரையும் இல்லை. அதன் பிறகு சாகும் வரை பாண்டத்தில் பெயர் இல்லை.

கேட்டவருடைய சந்தேகம் இங்கேதான் உயிர் பெறுகிறது. முத்திரை இல்லாவிட்டாலும் வாங்குகிறவருக்கு இது யார் செய்தது என்று தெரியும். ஜப்பானில் நல்ல பாண்டம் மரப்பெட்டியில் வைத்துத்தான் கைமாறும். பெட்டி மூடியில் செய்தவர் மையால் எழுதித் தருவது வழக்கம். கவாயின் கையெழுத்துள்ள பெட்டிகள் ஏராளம். ஆக, பாண்டத்தில் மறுத்த பெயர் பெட்டியில் இருந்தது. பாண்டத்தில் அடையாளம் இல்லாததால் போலிகளுக்கும் வழி திறந்தது. இன்று ஏலக்கடைகளில் கவாய் பாண்டத்தின் விலை அந்தப் பெட்டியைப் பொறுத்தும், பெட்டி இல்லாதபோது அவருடைய குடும்பத்தார் எழுதிக் கொடுத்த உறுதியைப் பொறுத்தும் ஏறி இறங்குகிறது. இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யலாம். நான் செய்ய மாட்டேன். பாண்டத்தைக் கையில் எடுத்துப் புழங்குகிறவர் அடியைத் திருப்பிப் பெயர் பார்க்க வேண்டாம் என்பதுதான் அவர் விருப்பம். சந்தையை ஒழிப்பேன் என்று அவர் சபதம் எடுக்கவில்லை.

அந்தச் சந்தையைக் கவனித்துக்கொண்டவர் கவாகாட்சு கெனிச்சி. தகாஷிமயா நிறுவனத்தின் அலுவலர். 1921 கண்காட்சிச் சமயத்தில் தொடங்கிய நட்பு கவாயின் மரணம் வரை நீடித்தது. கண்காட்சிகளை ஏற்பாடு செய்தார், பாண்டங்களைத் தானும் வாங்கிச் சேர்த்தார். கவாய் போட்டிகளுக்கு எதையும் அனுப்ப மாட்டார் என்று தெரிந்ததால் அவரிடம் கேட்காமலே அனுப்பிவைத்தார். 1937 பாரிஸ் உலகக் கண்காட்சியில், இரும்பும் செம்புச் சிவப்பும் கொண்டு பூச்செடி வரைந்த ஜாடி ஒன்று பெரும் பரிசு பெற்றது. இருபது ஆண்டு கழித்து 1957இல் மிலான் திரியென்னாலே கலைக் கண்காட்சியில் இன்னொரு ஜாடிக்கு மறுபடி பெரும் பரிசு. அதையும் அனுப்பியவர் கவாகாட்சுதான். 1968இல் அவர் சேகரித்த நானூறுக்கும் மேற்பட்ட பாண்டங்கள் கியோத்தோ தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. கவாயின் நாற்பதாண்டு மாற்றங்களை முதல் முத்திரைப் பாண்டத்திலிருந்து கடைசி வரை வரிசையாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் வேறு இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி இந்த மனிதர்தான். கலை வரலாற்று நூல்கள் யனாகிக்குக் கொடுக்கும் பக்கங்களில் நான்கில் ஒரு பங்காவது கவாகாட்சுவுக்குக் கொடுத்திருக்கலாம்.

மனிதராகக் கவாய் எப்படி? 1936இல் ஒரு சம்பவம். மரக்கட்டை அச்சுக் கலைஞர் முனகாட்டா ஷிகோ அப்போது பெரிதாக அறியப்படாத, பார்வை மங்கிய, அடங்காத ஓர் இளைஞர். யனாகியும் நண்பர்களும் அவருடைய படைப்பைப் பார்த்துப் பரவசமானார்கள். கவாய் அவரைத் தன்னோடு கியோத்தோவுக்கு அழைத்துப் போக முடிவு செய்து, வீட்டுக்குத் தந்தி அடித்தார்: கரடிக்குட்டியுடன் வருகிறேன். வீட்டில் எல்லோரும் உண்மையான கரடிக்குத் தயாரானார்களாம். முனகாட்டா அந்த வீட்டில் தங்கிப் பௌத்த நூல்களைக் கற்றார். அவருடைய பிற்கால வேலைக்கு அது உரமானது.

அந்த வீடு 1934 சூறாவளியில் சேதமடைந்தது. 1937இல் கவாயே வரைந்து புதிதாகக் கட்டினார். யாசுகியிலிருந்து தச்சர்களோடு அண்ணன் வந்து கட்டிக் கொடுத்தார். கிராமத்து விவசாயி வீட்டின் தடித்த உத்தரங்கள், நடுவில் கணப்பு, கொரியப் பாணித் தரை, அவரே வடிவமைத்த நாற்காலிகள். பின்கட்டில் சூளை. வாழ்வே வேலை, வேலையே வாழ்வு என்பது அவர் எழுதிவைத்த வாசகம். வீட்டின் அமைப்பைப் பார்த்தால் அது அலங்காரப் பேச்சாகத் தோன்றாது.

போர்க்காலத்தில் விறகும் இல்லை, அனுமதியும் இல்லை. சூளை அணைந்தது. கவாய் எழுதினார்.

போர் முடிந்தபோது வயது ஐம்பத்தைந்து. பெரும்பாலோர் தங்கள் பாணியில் அமர்ந்துவிடும் வயது. இவருக்கு அப்போதுதான் கட்டவிழ்ந்தது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத ஜாடிகள். கூழால் தடித்த கோடு இழுத்து நடுவில் வண்ணம் நிரப்பிய தட்டுகள். பல நிறக் களிமண்ணைப் பிசைந்து அடுக்கி வெட்டிய கலங்கள். கடைசி ஆண்டுகளில் சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றையும் தூரிகையால் வீசித் தெறித்த மெருகு. அறுபதை நெருங்கும்போது மரச்செதுக்கலிலும் இறங்கினார்: கைகள், முகமூடிகள், பூனை. புகைக் குழாய்களுக்கு உலோகத்தில் வடிவம் கொடுத்தார். பெயர் தெரியாத கைவினைஞர் செய்யும் எளிய புழக்கப் பொருளே அழகின் இருப்பிடம் என்ற யனாகியின் கோட்பாட்டுக்குள் இவற்றில் பாதி அடங்காது. எதற்குப் பயன்படும் என்று சொல்ல முடியாத பாண்டங்கள் அவை. கோட்பாட்டுக்காக யனாகியுடன் சண்டையும் போடவில்லை, கோட்பாட்டுக்காகத் தன் கையையும் கட்டிக்கொள்ளவில்லை. அவரை மிங்கெய் குயவர் என்று ஒற்றைச் சொல்லில் அடக்குகிறவர்கள் இந்த இருபது ஆண்டுகளை எங்கே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் சிறந்தவை என்று சொல்லவும் மாட்டேன். மூவண்ணத் தெறிப்பில் சில கூச்சலாக இருக்கின்றன. ஆனால் ஐம்பதுகளின் தட்டையான சதுர ஜாடிகள், அந்தப் பத்தாயிரம் சோதனைகளின் முழு அறிவும் உள்ளே இருந்தும் தம்பட்டம் அடிக்காதவை. என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் அங்கேதான்.

இனி விருதுகள். 1955இல் ஜப்பான் அரசு முக்கிய மரபுக் கலைகளில் தேர்ந்தவர்களை முதன்முறையாக அறிவித்தது. வாழும் தேசியப் பொக்கிஷம் என்று மக்கள் சொல்வது இதைத்தான். மட்பாண்டத்தில் ஹமாதா, தொமிமோத்தோ, இஷிகுரோ முனேமாரோ, அரகாவா தொயோஸோ ஆகிய நால்வர். கவாயையும் கேட்டார்கள், மறுத்தார். அதே ஆண்டு பண்பாட்டு விருதையும் மறுத்தார். கலை அகாதெமி உறுப்பினர் பதவியையும் ஏற்கவில்லை. பட்டம் ஏதுமில்லாத ஒரு குயவராகவே 1966 நவம்பர் 18இல் கியோத்தோவில் காலமானார்.

இதை வைத்து ஹமாதாவைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, வேண்டாம். ஹமாதா மஷிகோ என்ற கிராமத்தில் குடியேறி, அந்த ஊர்த் தொழிலையே உயிர்ப்பித்தவர். அவருக்குக் கிடைத்த பட்டம் ஊருக்கும் சோறு போட்டது. கவாய் கியோத்தோவில் தனிச் சூளைக்காரர். அவர் மறுத்ததால் வேறு யாருக்கும் நட்டமில்லை. 1955இல் மறுத்த இன்னொருவரும் இருக்கிறார்: கிதாஓஜி ரோஸன்ஜின். தன் பெயரை ஒருபோதும் மறைக்காத, வாய்க்கு வந்ததைப் பேசும், சமையலிலும் மட்பாண்டத்திலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பிய மனிதர். இரண்டு நேரெதிர்க் குணங்கள் ஒரே பட்டத்தை வேண்டாம் என்றன. ஆகவே மறுப்பை மட்டும் வைத்துப் பணிவை அளக்க முடியாது. கவாயின் விஷயத்தில் நான் எடைபோடுவது 1926க்குப் பின் கண்காட்சியே வைக்காமல் இருந்த அந்த மூன்று ஆண்டுகளைத்தான். அப்போது விருது எதுவும் கதவைத் தட்டவில்லை, பார்க்க யாரும் இல்லை, இழக்க மட்டும் நிறைய இருந்தது.

நேரில் பார்க்க விரும்பினால்: கியோத்தோவின் காற்றுமாசுக் கட்டுப்பாடுகளால் 1971இல் அந்தச் சூளை நிரந்தரமாக அணைந்தது. 1973இல் குடும்பத்தார் வீட்டை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சக்கரமும் சூளையும் மரச்சிலைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. குராஷிகியின் ஒஹாரா அருங்காட்சியகத்திலும், பிறந்த ஊரான யாசுகியின் அடாச்சி அருங்காட்சியகத்திலும் நல்ல தொகுப்புகள் உண்டு. அடாச்சியில் ரோஸன்ஜினும் இருக்கிறார், ஒப்பிட்டுக்கொள்ளலாம். கியோத்தோவில் ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் காலையில் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகம், பிற்பகலில் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கவாகாட்சு தொகுப்பு எப்போதும் முழுதாகக் காட்சியில் இருப்பதில்லை. போவதற்கு முன் எந்தப் பாண்டங்கள் வெளியே இருக்கின்றன என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.